நிகழ்வு ஆய்வு: தரைவீடு ஒன்றின் கார் போர்ச்சுக்குக் கூரை வடிவம் தேர்ந்தெடுத்தது

பின்னணி

சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு செமி-டி தரைவீடு, அதாவது ஒட்டிக் கட்டிய இரட்டை வீடுகளில் ஒன்று. ஒரு பக்கச் சுவர் அண்டை வீட்டாரோடு பொது. மறுபக்கம் சொந்தப் பக்கவாசல், அதை ஒட்டி ஓடும் ஒரு சிறிய லோங்காங் (வடிகால்). முகப்பு மேற்குப் பார்த்தது. வாசலுக்கு நேரே சாலையோரத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது, அதன் கிளைகளில் பாதி கார் போர்ச்சின் (வீட்டு முன்னால் கார் நிறுத்தும் கூரையிட்ட இடம்) தலைக்கு மேல்தான் பரவியிருக்கின்றன. வீட்டில் மூன்று பேர்: எழுபதைத் தாண்டிய கணவன் மனைவி (நான் ஐயா, அம்மா என்று சொல்வது இவர்களை), வேலைக்குப் போகும் மகள்.

நான் இரும்புக் கட்டமைப்பு வேலைகளில் தள மேற்பார்வையாளன். குடும்பத்துக்குத் தெரிந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். நடந்ததை எழுத அவர்கள் சம்மதம் தந்தார்கள். யாருடைய பெயரும் இதில் இல்லை.

பழைய போர்ச் 5.4 மீட்டர் ஆழம், 4.8 மீட்டர் அகலம். பத்து வருடத்துக்கு முன் ஒரு காண்ட்ராக்டர் போட்டுக் கொடுத்தது. சுற்றிலும் அலுமினியப் பட்டை அடித்து, தகடுகள் வெளியே தெரியாதபடி மறைத்திருந்தார். தெருவிலிருந்து பார்த்தால் கோடு போட்டதுபோல் நேராக, அழகாகத்தான் இருந்தது. உள்ளே தகடுகள் 1 டிகிரி சரிவில் வீட்டுச் சுவரை நோக்கி இறங்கின. சுவரை ஒட்டி ஒரு மறைவுக் கட்டர் (கூரைத் தண்ணீரை வாங்கும் கால்வாய்), அதன் மூலையில் ஒரே ஒரு குழாய். 1 டிகிரி என்றால் மீட்டருக்கு 17 மில்லிமீட்டர் இறக்கம். முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே மொத்தமே 9 செ.மீ.தான் வித்தியாசம்.

கவனித்தவை

2022 டிசம்பர், வடகிழக்குப் பருவமழை நேரம். ஹால் சுவரின் மேல்பகுதி ஊறி, பெயின்ட் கொப்பளித்து, சோபாவுக்குப் பின்னால் தண்ணீர் வழிந்தது என்று மகள் போன் செய்தார். அதற்கு மூன்று வாரம் முன்பே கொசுப்புழுச் சோதனைக்கு வந்த அதிகாரி அந்தக் கட்டரில் புழுக்களைக் கண்டுபிடித்திருந்தார். 200 வெள்ளி அபராதம். அந்த வருடம் சிங்கப்பூரில் 32,000க்கும் அதிகமானோருக்கு டெங்கிக் காய்ச்சல் வந்திருந்தது. எந்த வீட்டையும் அதிகாரிகள் சும்மா விட்டுவிடும் காலம் இல்லை அது.

அபராதத்தைவிட அம்மாவை வருத்தியது வேறு. "பூச்சாடித் தட்டக்கூட தினமும் கவுத்துதான் வைப்பேன் தம்பி. வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி தேங்க விட்டதில்ல. தலைக்கு மேலயே இத்தன நாள் இருந்திருக்கே" என்றார். பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதையும் சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். தூங்குமூஞ்சியின் சிற்றிலை மிகச் சிறியது. பெரிய இலைகளைத் தடுக்கத்தான் கட்டருக்கு மேல் வலை போடுவார்கள், இந்தச் சிற்றிலைகளோ வலைக்குள் புகுந்துவிடும். கட்டரின் அடியில் அவை மட்கி, மாவரைத்த ஆட்டுக்கல்லின் விளிம்பில் காய்ந்து கிடக்கும் வண்டல்போலக் கெட்டியாகப் படிந்திருந்தன, கறுப்பு நிறத்தில். குழாய் வாய் முற்றிலும் அடைபட்டிருந்தது. கட்டரின் நடுப்பகுதி சற்றுத் தொய்ந்திருந்ததால் அங்கே நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். விரலை வைத்து வண்டலைச் சுரண்டினேன், அடித்தகடு பொத்தலாகியிருந்தது. ஹாலுக்குள் வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

தகடுகளின் திருகாணிகளும் மோசமான நிலையில் இருந்தன. தகட்டின் பள்ளத்தில், தண்ணீர் ஓடும் இடத்திலேயே அவற்றை இறக்கியிருந்தார்கள். ரப்பர் வாஷர்கள் வெயிலில் வெடித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் துரு வளையம்.

ஐயா கேட்ட முதல் கேள்வி, "கட்டர மட்டும் மாத்தினா போதாதா?" நியாயமான கேள்வி. கணக்கைச் சொன்னேன். கூரையின் பரப்பு ஏறக்குறைய 26 சதுர மீட்டர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழை இங்கே அபூர்வம் இல்லை. அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 43 லிட்டர் தண்ணீர் அந்த ஒரே குழாய் வாயைத் தேடி வரும், வரும் வழியெல்லாம் இலையையும் இழுத்துக்கொண்டு. கட்டர் புதிதாக இருந்தாலும் மரம் பழையதுதான். கூரைக் கட்டர்களைச் சுத்தமாக வைத்து, கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ மருந்து போடும்படி தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடுகளுக்குச் சொல்கிறது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். இந்த மரத்தடியில் ஐயா எத்தனை முறை மூன்று மீட்டர் ஏணி ஏறுவார்? எழுபது வயதுக்காரரை அடிக்கடி ஏணி ஏறச் சொல்லும் கூரை அந்த வீட்டுக்கு ஆகாது என்பது என் முடிவு. அதை அவரிடமும் மகளிடமும் வெளிப்படையாகவே சொன்னேன்.

முன்னால் இருந்த யோசனைகள்

நான்கு வடிவங்கள் பேச்சில் வந்தன. ஆளுக்கொன்று பிடித்திருந்தது.

முதலாவது, ஒரு காண்ட்ராக்டர் பழையபடியே தட்டைக் கூரை, கட்டரை மட்டும் பெரிதாக்கித் தருகிறேன் என்றார். நான்கில் விலை குறைவு இதற்குத்தான். மேலே சொன்ன காரணத்துக்காகவே இதை முதலில் ஒதுக்கினோம்.

மகளுக்குப் பிடித்தது பாலிகார்பனேட் போட்ட வளைவுக் கூரை. போர்ச்சுக்குள் வெளிச்சம் வரும், பார்வைக்கும் எடுப்பு. மேற்கு வெயில் நேரே அடிக்கும் வாசலில் அந்த வெளிச்சத்தோடு சூடும் வருமே என்பது என் முதல் தயக்கம். பாலிகார்பனேட் வெப்பத்தில் இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரியும். 3 மீட்டர் பலகை 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 6 மில்லிமீட்டர்வரை நீளும், அதற்கு இடம் விட்டுத் துளை போடாவிட்டால் திருகாணியைச் சுற்றி விரிசல் விடும். இதையெல்லாம் நல்ல கைவேலையால் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது வளைவின் உச்சி. அங்கே சரிவு கிட்டத்தட்டப் பூஜ்யம், ஈர இலை அங்கேயே ஒட்டிக் கிடந்து பாசி பிடிக்கும். போதாததற்கு, வளைவு தண்ணீரை இரண்டு பக்கமும் தள்ளும். அதில் ஒரு பக்கம் அண்டை வீடு.

ஐயாவுக்கு முகடு வைத்த இருபக்கச் சரிவுக் கூரைதான் ஆசை. நாகப்பட்டினத்தில் அவர் பிறந்த ஓட்டு வீட்டின் முகப்பு அப்படித்தானாம். "மழை பேஞ்சா இறவாணத்துத் தண்ணி ஒரு கோடா விழும் தம்பி, திண்ணையில உக்காந்து பாப்போம்" என்றார். அந்த ஆசையை லேசாக ஒதுக்க மனம் வரவில்லை. இரண்டு விதமாகவும் வரைந்து பார்த்தேன். முகட்டைத் தெருவுக்குச் செங்குத்தாக வைத்தால் பாதித் தண்ணீர் அண்டை வீட்டு எல்லையில் விழும். நம் கூரைத் தண்ணீரை அடுத்தவர் மனையில் விழ விடக்கூடாது, ஆகவே அங்கே கட்டர் கட்டாயம். முகட்டைத் தெருவுக்கு இணையாக வைத்தால் பின்சரிவு வீட்டுச் சுவரில் போய் முட்டும். அங்கேயும் கட்டர். எப்படித் திருப்பினாலும் ஒரு கட்டர் திரும்பி வந்துவிடுகிறது. சுற்றிலும் முற்றம் இருந்த ஊர் வீட்டுக்கு ஏற்ற வடிவம் அது. இங்கே மூன்று பக்கமும் ஏதோ ஒன்று நெருக்குகிறது.

நான்காவது, ஒருபக்கச் சரிவு. இதிலும் எந்தப் பக்கம் சரிப்பது என்ற கேள்வியில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். தெருவை நோக்கிச் சரித்தால் முன்விளிம்பு தாழும், மாலை வெயிலை மறைக்கும், சாரலையும் ஓரளவு தடுக்கும். அது பெரிய லாபம். ஆனால் மொத்தத் தண்ணீரும் கேட் வாசலில் ஒரு திரைபோல விழும். மழையில் கேட்டைத் திறக்க இறங்குபவர் அதற்குள் நுழைந்துதான் வரவேண்டும். அங்கே கட்டர் வைத்தால் மறுபடியும் பழைய கதை. பக்கவாசலை நோக்கிச் சரித்தால் தண்ணீர் நம் மனைக்குள்ளேயே, ஏற்கெனவே இருக்கும் லோங்காங்கின் மேலேயே நேராக விழும். அங்கே கட்டரே தேவையில்லை.

எடுத்த முடிவு

பக்கவாசலை நோக்கி ஒருபக்கச் சரிவு, 5 டிகிரி, கட்டர் இல்லை. உயர்ந்த விளிம்பு அண்டை வீட்டுப் பக்கம், தாழ்ந்த விளிம்பு லோங்காங்குக்கு மேல். ஐயா கேட்ட "கோடாக விழும் தண்ணி" ஒரு பக்கமாவது கிடைக்கும் என்றேன். அவர் தலையசைத்தார்.

5 டிகிரி என்பதும் யோசித்து வைத்த அளவுதான். சரிவு அதிகமானால் இலை வழுக்கி விழும், அது நல்லது. ஆனால் மாடி ஜன்னலின் அடிமட்டம் 3.1 மீட்டரில் இருக்கிறது. தாழ்ந்த விளிம்பை 2.5 மீட்டரில் வைத்தால், 4.8 மீட்டர் அகலத்துக்கு 5 டிகிரி 42 செ.மீ. ஏறும். உயர்ந்த விளிம்பு 2.92இல் நிற்கும், ஜன்னல் தப்பிக்கும். 10 டிகிரி வைத்தால் 85 செ.மீ. ஏறி ஜன்னலை மறைத்துவிடும்.

பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் கொடுத்தோம். மனை எல்லை இடைவெளிக்கு நகரச் சீரமைப்பு ஆணையத்தின் விதிகள், கட்டமைப்புக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகள். அனுமதிகள் கைக்கு வந்த பிறகே பழையதைக் கழற்றினோம்.

பொறியாளர் அதிகம் பேசியது காற்றைப் பற்றி. ஏப்ரல் முதல் நவம்பர்வரை மேற்கிலிருந்து வரும் சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 80 கிலோமீட்டர்வரை வீசக்கூடும். அந்த வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. தகட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 5 கிலோகூட வராது. போர்ச் பக்கங்கள் திறந்தது என்பதால் காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும். மொத்தக் கூரைக்கும் கணக்குப் போட்டால் முக்கால் டன்னுக்கும் மேல். கார் போர்ச் இடிந்து விழும் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள், இந்த மாதிரி இலேசான கூரையில் அது பறந்துபோவதற்கே அதிகம் பயப்பட வேண்டும். தூண் அடித்தளத்தையும் ஆங்கர் போல்ட்டுகளையும் அவர் அந்தக் கணக்கில்தான் தீர்மானித்தார்.

தகடு அலுமினியம்-துத்தநாகக் கலவை பூசிய எஃகு, வெளிர் நிறம். அடியில் மெல்லிய வெப்பத் தடுப்புப் படலம். 50 மில்லிமீட்டர் சாண்ட்விச் பேனல் (இரண்டு தகடுகளுக்கு நடுவே தடுப்புப் பொருள் வைத்த பலகை) போடலாமா என்று மகள் கேட்டார். அதன் எடையும் விலையும் அதிகம், போர்ச்சுக்கு அவ்வளவு தேவையில்லை என்று சொன்னவன் நான். இதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டும்போது நடந்தது

2023 மார்ச்சில் வேலை தொடங்கியது. இரண்டாம் நாள் மாலை போய்ப் பார்த்தபோது தூண்களும் உத்திரங்களும் சரியாக நின்றன. ஆனால் தகடுகளைத் தாங்கும் பர்லின்களைச் சரிவின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக வெல்டிங் செய்திருந்தார்கள். தகடு எப்போதும் பர்லினுக்குக் குறுக்கேதான் உட்காரும். அப்படியானால் தகட்டின் வரிமேடுகள் (தகட்டில் வரிவரியாக எழும்பி நிற்கும் மேடுகள்) தெருவிலிருந்து வீட்டை நோக்கி, சரிவுக்குக் குறுக்கே ஓடும்.

வெல்டர் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், வேலை சுத்தமாகச் செய்பவர். ஏன் இப்படி என்று கேட்டேன். "முதலாளிகிட்ட வேற சைட்டுல மிஞ்சின ஷீட்டு இருக்குண்ணே. நீளம் அஞ்சரை மீட்டர். இந்தப் பக்கமாப் போட்டா வெட்டாம அப்படியே உக்காருது. அதனால பர்லின இப்படி மாத்தச் சொன்னாரு" என்றார்.

காண்ட்ராக்டரைப் போனில் கூப்பிட்டேன். வெளியே பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும் என்றார் அவர். அவரும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை, சிக்கனம் பார்த்தார். ஒரு துண்டுத் தகட்டையே எடுத்துச் சாய்த்து, பாட்டில் தண்ணீரை ஊற்றி, அந்தப் படத்தை அவருக்கு அனுப்பினேன். வரிமேட்டின் உயரம் 25 மில்லிமீட்டர். இரண்டு மேடுகளுக்கு இடையே 20 செ.மீ. 5 டிகிரிச் சரிவில் அந்த 20 செ.மீ.க்குள் கிடைக்கும் இறக்கம் 17 மில்லிமீட்டர்தான். மேட்டைத் தாண்ட அது போதாது. ஒவ்வொரு வரியும் ஒரு வரப்பாகி, அதன் மேல்பக்கத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். இலை விழுந்தால் ஓரமாகவும் ஓடாது. தகடும் தகடும் சேரும் மடிப்பு அந்தத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். ஒரு கட்டரை ஒழிக்கப் புறப்பட்டு, வரிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டர்களைக் கூரை முழுக்கக் கட்டியதாகிவிடும்.

படத்தைப் பார்த்த பிறகு அவர் வாதாடவில்லை. பர்லின்களை அறுத்து எடுத்து, குறுக்காக மாற்றினார்கள். மேலிருந்து கீழ்வரை இடையில் இணைப்பே இல்லாத 5 மீட்டர் தகடுகள் புதிதாக வந்தன. நான்கு நாள் தாமதம். கூடுதல் செலவை அவரும் வீட்டாரும் பாதிப்பாதி ஏற்றுக்கொண்டார்கள். திருகாணிகளை இந்தமுறை வரிமேட்டின் உச்சியில் இறக்கச் சொன்னேன். தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறாது.

கூரை வடிவத்துக்குப் பெயர் சொல்லி விலை கேட்கும் பலரும் வரிகள் எந்தத் திசையில் ஓடும் என்று கேட்பதில்லை. வரைபடத்தில் நானும் அதைத் தனியாக அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கவில்லை.

பின்விளைவு

மே மாதத்து மாலை மழைகளில் கூரை சொன்னபடி வேலை செய்தது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் முழுக் கூரையும் தெரியும். மாதம் ஒருமுறை அங்கிருந்து படம் எடுத்து அனுப்பும்படி மகளிடம் சொல்லியிருந்தேன். காய்ந்த நாட்களில் இலை சிதறிக் கிடக்கிறது, அடுத்த மழையில் இறங்கிவிடுகிறது. திருகாணித் தலைகளில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. எந்தப் படத்திலும் தேங்கிய தண்ணீர் இல்லை. இலை இப்போது லோங்காங் கம்பிவலை மேல் சேர்கிறது. அம்மா காலையில் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறார், இரண்டு நிமிட வேலை. அடுத்த கொசுப்புழுச் சோதனையில் எதுவும் அகப்படவில்லை. ஹால் சுவர் காய்ந்தது.

எதிர்பாராதவை மூன்று. 2.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் தெறித்து, பக்கச் சுவரோரம் இருந்த காலணி அடுக்கும் துளசிச் சாடியும் நனைந்தன. விழும் கோட்டில் கூழாங்கல் பரப்பிய பிறகு அது அடங்கியது.

ஜூலையில் ஒரு விடியற்காலை, ஆறு மணி இருக்கும், சூறைக்காற்று மேற்கிலிருந்து வந்தது. கூரை அசையவில்லை. ஆனால் திறந்த முன்பக்கம் வழியாகச் சாரல் உள்ளே புகுந்தது. அன்று காலையே போய் ஈரக்கோட்டை அளந்தேன், முன்விளிம்பிலிருந்து 1.6 மீட்டர். காரின் பானெட் முழுக்க நனைந்திருந்தது. செங்குத்தாக விழும் மழைக்குத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

மூன்றாவது சத்தம். ஐயாவின் படுக்கையறை ஜன்னல் அந்தக் கூரைக்கு நேர் மேலே இருக்கிறது. பழைய தட்டைக் கூரையில் அடியில் பலகை அடித்திருந்ததால் மழைச் சத்தம் மட்டுப்பட்டிருந்தது. புதியதில் ஒற்றைத் தகடு, அதன் கீழ் மெல்லிய படலம். அந்தப் படலம் வெப்பத்தைத் தடுக்கிறது, சத்தத்தைத் தடுக்கவில்லை. இரவு மழை பிடித்தால் அவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. முதல் இரண்டு மாதம் என் மனம் நோகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. மகள்தான் சொன்னார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வடிவம், சரிவின் திசை, கட்டர் இல்லாமை: இவை மூன்றையும் மறுபடியும் இப்படியே செய்வேன். வரிகளின் திசையை வரைபடத்தில் அம்புக்குறியோடு எழுதி, தகடு வாங்குவதற்கு முன் காண்ட்ராக்டரின் கையெழுத்து வாங்குவேன். இந்த வேலைக்குப் பிறகு எல்லா வேலைகளிலும் அப்படித்தான் செய்கிறேன்.

மேற்குப் பார்த்த வீடு என்று தெரிந்தும் முன்விளிம்பைத் திறந்துவிட்டது தவறு. உயரத்தைக் கெடுக்காமல் முன்னால் 40 செ.மீ. தொங்கும் ஒரு தடுப்புப் பட்டையை முதலிலேயே சட்டத்தோடு சேர்த்திருக்கலாம். இப்போது சேர்த்தால் அதன் மேல் படும் காற்றுக்கும் தூண்களைச் சரிபார்க்க வேண்டும், பொறியாளரிடம் அந்தக் கணக்கைக் கேட்டிருக்கிறோம்.

சாண்ட்விச் பேனல் விஷயத்தில் மகள் கேட்டது சரி, நான் சொன்னது பிழை. எடையையும் விலையையும் பார்த்தேன். யார் எங்கே படுக்கிறார்கள் என்று மாடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. பேனல் போடுவதென்றால் அதன் எடைக்கும் சேர்த்து உத்திரங்களை ஆரம்பத்திலேயே கணக்கிட்டிருக்க வேண்டும். இப்போதைக்குத் தகட்டின் அடியில் ஒலி உறிஞ்சும் பஞ்சுப் பலகை அடிக்க விலை கேட்டிருக்கிறோம். அது முடியும்வரை மழை இரவுகளில் ஐயா பின்னறையில் படுக்கிறார்.